பெல் ஐயரும் திண்ணைப் பள்ளி மணலும்

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை நம் கல்லூரி மாணவர் சங்கத்தார் சிலர் கூடி ஆலோசனை செய்துகொண்டிருந்தனர். அண்மையிலுள்ள சிற்றூரில் அவர்கள் நடத்திவரும் இராப் பள்ளிக்கூடத்திற்கு என்னென்ன வேண்டும் என்பதே பேச்சு. எழுத்தறியாத பெண்டிரும், பள்ளிப் படிப்பை இடையில் விட்ட சிறுவரும் அங்கே மாலைதோறும் வருகின்றனர். சிலேட்டு வேண்டும் என்றார் ஒருவர். ஆளுக்கொரு முதற்பாடப் புத்தகம் வேண்டும் என்றார் மற்றொருவர். மூன்றாமவர், தட்டைக் கணினி நான்கேனும் வாங்கினாலன்றிப் பயனில்லை என்றும், விலையின்றிப் படிக்கத்தக்க தமிழ்க் கதைப் புத்தகங்கள் இணையத்தில் நிரம்ப உள என்றும், பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் நூல்நிலையம் ஒன்றே போதும் என்றும் வாதித்தார். அவர் சொன்னது மெய்யே. ஆயினும், கதையைப் படிப்பதற்கு முன் எழுத்தை அறியவேண்டுமன்றோ என்று ஒரு மாணவி கேட்டபொழுது அவருக்கு விடை கிடைக்கவில்லை. கையிருப்பைக் கணக்கிட்டதில் சிலேட்டுக்கே பணம் போதாதெனத் தெரிந்தது. அடுத்த ஆண்டுவரை பள்ளியை நிறுத்திவைக்கலாம் என்னும் பேச்சும் எழுந்தது.

யாம் அக்கூட்டத்தில் ஒரு மூலையில் வாளாவிருந்தோம். வீடு திரும்பும் வழியில், இருநூறு ஆண்டுகட்கு மேற்பட்ட காலத்தில் இதே சென்னை மாகாணத்தில் இதே முட்டுப்பாட்டில் அகப்பட்டுத் தவித்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர்தாம் ஆண்ட்ரூ பெல் ஐயர். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அவர் பெயரைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்திருப்பர். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்பர். அவர் வரலாற்றை நம் மாணவர் ஒருமுறை முழுதும் அறிந்துகொள்வது தகுமென்று எண்ணி இதனை எழுதலாயினோம்.

பெல் ஐயர் ஸ்காத்லாந்து தேசத்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழம்பதியில் 1753ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் பிறந்தார். தந்தையார் க்ஷவரத் தொழிலர், செல்வர் அல்லர், ஆயினும் கைவன்மையும் கூரிய அறிவும் வாய்ந்தவர். மகன் அவ்வூர்ச் சர்வகலாசாலையிலேயே பயின்று, கணிதத்திலும் இயற்கை நூலிலும் தேர்ச்சி பெற்றார். 1774ஆம் ஆண்டில் பிழைப்பு நாடி அமெரிக்காவிலுள்ள வர்ஜினியாவுக்குச் சென்று, கார்ட்டர் பிராக்ஸ்டன் என்னும் பெருநிலக்கிழார் வீட்டில் பிள்ளைகட்கு உபாத்தியாயராய் அமர்ந்தார். அத்தேசத்து விடுதலைப் போரின் நடுவே 1781ஆம் ஆண்டில் திரும்புங்கால் கப்பல் உடைந்து உயிர் தப்பினார். பின்னர்க் குருப்பட்டம் பெற்று, 1787ஆம் ஆண்டில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். கல்கத்தா செல்வதே அவர் கருத்து. வழியில் சென்னையில் இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார். இறங்கும்பொழுது அவர் கையிலிருந்தது 128 பவுன் சொச்சம்.

சென்னையில் அவர் செய்த முதற் காரியங்கள் துறவிக்குரியனவல்ல. படைக்குருவின் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகுந்தோறும் அவற்றையெல்லாம் தம்பால் ஈர்த்துக்கொண்டார். ஒரே காலத்தில் பல படைப்பிரிவுகட்கு அவரே குரு. ஒவ்வொன்றற்கும் தனித்தனியே சம்பளம். அக்காலத்துக் கும்பினி உத்தியோகஸ்தரிடையே இஃது அரிதான செயலன்று. எனினும் பொருளாசை அவருக்குச் சற்று மிகுதி என்பதை மறைத்தல் சரித்திரம் எழுதுவோர்க்கு அழகாகாது. 1796ஆம் ஆண்டில் அவர் கப்பலேறியபொழுது கையில் 25,000 பவுனுக்கு மேல் இருந்தது.

அவ்வளவு பொருளாசை கொண்டவர், ஒரு வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டாவென்று மறுத்தார். அந்த ஒன்றே அவர் பெயரை இன்றுவரை நிறுத்தியிருக்கின்றது.

கும்பினிப் படையிலிருந்த ஐரோப்பியச் சிப்பாய்கட்கு இந்நாட்டு மாதரிடம் பிறந்த பிள்ளைகள் பலர் ஆதரவற்றுத் திரிந்தனர். தந்தை போரில் மாள்வான். அல்லது சீமைக்குத் திரும்பிவிடுவான். தாயார்க்குக் கதியில்லை. இத்தகைய ஆண்பிள்ளைகட்காக 1789ஆம் ஆண்டில் எழும்பூரில், இன்று ரயில் நிலையம் உள்ள பக்கத்தில் அந்நாளில் இருந்த சிறு கோட்டையில், ஓர் அனாதை விடுதி ஏற்படுத்தினர். அதன் மேற்பார்வையைப் பெல் ஐயர் ஊதியமின்றி ஏற்றுக்கொண்டார்.

ஏற்றவுடனே தொல்லை தொடங்கிற்று. பிள்ளைகள் வருந்தோறும் அவர்களுக்குக் கற்பிப்போர் கிடைத்திலர். கிடைத்த துணையாசிரியரோ வேறு பிழைப்பு வாயாதவர். ஐயர் அவர்களை வருந்திப் பயிற்றுவார். பயிற்சி பெற்றவர் அதிகச் சம்பளத்திற்கு வேறிடம் போய்விடுவார். எஞ்சியவர் பழைய வழியே வழியென்று பிரம்பும் கையுமாய் அமர்ந்திருப்பர். நெடுங்கணக்கு வகுப்பிலிருந்த சிறுவர் மாதக்கணக்காகியும் எழுத்துத் தேறாமல் விழித்தனர்.

ஈதிவ்வாறாக, ஒருநாட் காலை ஐயர் குதிரையேறிச் செல்கையில் ஒரு மலபார்ப் பள்ளிக்கூடத்தைக் கடந்து சென்றார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே வழங்கினராதலால், அவர் கண்டது நம் திண்ணைப் பள்ளிக்கூடமே. பிள்ளைகள் தரையில் வரிசையாக அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் முன்னும் மணல் பரப்பியிருந்தது. சுட்டுவிரலால் எழுத்தை எழுதுவதும், எழுதும்போதே உரக்கச் சொல்வதும், உள்ளங்கையால் அழித்து மீண்டும் எழுதுவதுமாக இருந்தனர். ஐயர் நின்று பார்த்தார். வேண்டியது இதுவே என்று மனத்திற் பட்டதும் குதிரையைத் திருப்பிக்கொண்டு விடுதிக்கு விரைந்தார்.

அன்பர்களே, அம்மணலை நாமும் ஒருகணம் நின்று நோக்குவோம். நம் பாட்டன்மார் அதிலேதான் எழுத்துப் படித்தனர்; ஆதலின் அதன் அருமை நமக்குப் புலப்படுவதில்லை. அந்நாளில் இங்கிலாந்தில் படிப்பு வேறு, எழுத்து வேறு. ஏழைப் பிள்ளை முதலில் ஆண்டுக்கணக்காக அச்செழுத்தைப் பார்த்துப் படிக்கவேண்டும். எழுதுவதோ தனிப்பாடம், அதற்குக் காகிதமும் இறகுப் பேனாவும் மையும் வேண்டும். அவற்றிற்குத் தனியே பணம் கொடுக்கவியலாத பிள்ளை, படிப்பு அரையும் குறையுமாய்ப் பள்ளியை விட்டு நீங்கும். மணலோ படிப்பையும் எழுத்தையும் ஒன்றாக்கிற்று. கண் காண்கின்றது, வாய் சொல்கின்றது, செவி கேட்கின்றது, விரல் வடிக்கின்றது. நான்கும் ஒரே எழுத்தின்மேல் ஒரே நொடியில் பதிகின்றன. பிழை நேர்ந்தால் உள்ளங்கை ஒருமுறை தடவினால் போதும். அடித்தெழுதிய தாளைக் கண்டு வாத்தியார் சீறுவதற்கு அங்கே தாளே இல்லை. மந்தபுத்தியுள்ள பிள்ளை நூறுமுறை எழுதினாலும் செலவு ஒரு காசும் இல்லை. (இன்று ஆற்று மணல் விற்கும் விலையை நினைந்தால் இக்கடைசி வாக்கியத்தைச் சற்றுத் தயங்கியே எழுதுகின்றோம்.)

நிற்க. விடுதிக்கு விரைந்த ஐயர், நெடுங்கணக்கு வகுப்பார்க்கு மணலிலே கற்பிக்குமாறு துணையாசிரியருக்குக் கட்டளையிட்டார். அவருக்கு அது விளையாட்டாகத் தோன்றிற்று போலும். எடுத்துச் செய்து பார்த்து, இஃது ஆகாத காரியம் என்று கைவிரித்தார். ஐயர் மீண்டும் வற்புறுத்தினார். பயனில்லை. வேறொருவராயின் அத்துடன் விட்டிருப்பர். ஐயருக்கோ பிடிவாதம் மிகுதி. பெரியவர் செய்யாராயின் சிறியவன் செய்யட்டும் என்று துணிந்து, சிப்பாய் ஒருவன் மகனான ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, நெடுங்கணக்கு வகுப்பை அவன் வசம் ஒப்புவித்தார். நாள்தோறும் தாமே அருகிருந்து ஊக்கினார்.

எட்டு வயதுப் பிள்ளை சாதித்தான். மற்றவரால் ஆகாதென்று கைவிடப்பட்ட வகுப்பு அவனிடம் எழுத்துத் தேறிற்று. எழுத்துக் கற்க அப்பிள்ளைகள் பட்ட வருத்தம் இன்னதென்று நேற்றுப் பட்டவனாகையால் அவன் அறிந்திருந்தான். நாற்பது வயது உபாத்தியாயர் அதனை மறந்திருந்தார். இது யாம் கொள்ளும் கருத்து. ஐயர் கொண்ட கருத்து இன்னும் ஒருபடி கடினமானது: சிறுவன் சொன்னதைச் சொன்னபடி செய்வான், பெரியவரோ தம் பழக்கத்தை விடார் என்பது. எவ்வாறாயினும், சில ஆண்டுகளில் பிரிஸ்கெனும் அவனுக்குத் துணைநின்ற சிறுவரும் ஏறக்குறைய நூறு பிள்ளைகட்குக் கற்பிக்கலாயினர்.

ஒரு வகுப்பில் பலித்ததை ஐயர் விடுதி முழுவதற்கும் விரித்தார். வகுப்புத்தோறும் ஒரு சிறுவன் ஆசிரியன். அவனுக்கு ஒரு துணைவன். வகுப்பினுள்ளும் நன்கு படிப்பவன் ஒருவனும் பின்தங்கியவன் ஒருவனுமாக இருவர் இருவராய்ச் சேர்த்து, முன்னவன் பின்னவனைக் கைதூக்கிவிடச் செய்தார். பிரம்புக்கு வேலை குறைந்தது. குற்றங்களை ஒரு புத்தகத்தில் பதிந்துவைத்து, வாரம் ஒருமுறை சிறுவர் மன்றத்தின்முன் படித்து, அவர்களே நியாயம் சொல்லும்படி செய்தார். ஏறக்குறைய இருநூறு பிள்ளைகள் இங்ஙனம் ஒருவர்க்கொருவர் ஆசிரியராயும் மாணாக்கராயும் விளங்கினர்.

அப்பிள்ளைகளின் திறத்துக்கு ஒரு சான்று கூறுவோம். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் திப்பு சுல்தானின் குமாரர் இருவர் பிணையாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். 1794ஆம் ஆண்டில் டவ்ட்டன் என்னும் படைத்தலைவர் அவர்களைத் திரும்ப அழைத்துச் சென்றபொழுது, எழும்பூர் விடுதி மாணாக்கனான வில்லியம் ஸ்மித் என்னும் இளைஞனும் உடன் சென்றான். இயற்கை நூற் கருவிகளை எடுத்துப்போய், சுல்தானின் முன்னிலையில் சோதனைகள் செய்து காட்டி விளக்கினான். ஆதரவற்றுத் தெருவில் நின்ற சிப்பாய் மகன் ஓர் அரசன் அவையில் நின்று பாடஞ் சொன்னான் என்பதை நம் மாணவர் கவனிப்பார்களாக.

உடல்நலங் குன்றி 1796ஆம் ஆண்டில் சீமைக்குத் திரும்பிய ஐயர், அடுத்த ஆண்டு, சென்னை ஆண் அனாதை விடுதியில் தாம் செய்த கல்விச் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி லண்டனில் வெளியிட்டார். அதனை வாங்கியோர் சிலரே. 1798ஆம் ஆண்டில் லண்டன் ஆல்ட்கேட்டிலுள்ள ஒரு தருமப் பள்ளி அம்முறையைக் கைக்கொண்டது. பின்னர் வடக்கே கெண்டல் நகரத்துப் பள்ளி. ஐயரோ 1801ஆம் ஆண்டில் ஸ்வானேஜ் என்னும் கடற்கரையூர்க்குக் குருவாய்ச் சென்றமர்ந்தார். அங்கு அம்மைப்பால் குத்துதலை ஊரார்க்கு அறிமுகஞ் செய்து, தம் கையாலேயே பலர்க்குக் குத்திவந்தார் என்பதும் குறிக்கத்தக்கது.

அவர் ஓய்ந்திருந்தபொழுது வேறொருவர் எழுந்தார். லண்டனில் பரோ ரோட்டு என்னும் தெருவில், குவேக்கர் சமயத்தினரான ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் 1798ஆம் ஆண்டில் ஏழைப் பள்ளி ஒன்று தொடங்கினார். பணம் கொடுக்க இயலாதார் இலவசமாய்ப் படிக்கலாம், விரும்பினோர் கொடுக்கலாம் என்று வாயிலில் எழுதி வைத்தார். பிள்ளைகள் வெள்ளமெனத் திரண்டனர். ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல், அவரும் மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்க்குக் கற்பித்தார், மணலையும் பயன்படுத்தினார். நேர்கோட்டு எழுத்துக்களை முதலிலும், சாய்ந்த கோட்டு எழுத்துக்களை அடுத்தும், வளைந்தவற்றை இறுதியிலும் கற்பிக்கும் ஒழுங்கையும் வகுத்தார். புத்தகம் ஆளுக்கொன்று வாங்கப் பணமில்லையாகவே, ஒரு புத்தகத்தின் ஏடுகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அட்டைகளில் ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டார். ஓரட்டையைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று படிக்கும்; முடிந்ததும் அடுத்த அட்டைக்கு நகரும். ஒரே புத்தகம் பள்ளி முழுவதற்கும் பயன்பட்டது. ஆயிரம் பிள்ளைகள்வரை ஒரே கூடத்தில் இருந்த அப்பள்ளியைக் காண நாடெங்குமிருந்து மக்கள் வந்தனர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் 1805ஆம் ஆண்டில் லங்காஸ்டரை வரவழைத்து நூறு பவுன் அளித்தார்.

1804ஆம் ஆண்டின் இறுதியில் லங்காஸ்டர் ஸ்வானேஜுக்குச் சென்று பெல் ஐயரைக் கண்டார். இருவரும் அன்போடு அளவளாவினர். அந்நட்பு நீடித்திருந்தால் எவ்வளவு நன்மை விளைந்திருக்கும்! ஆனால் சமயச் சண்டை குறுக்கிட்டது. தேசத் திருச்சபையைச் சாராத ஒருவர் ஏழைகளின் கல்வியைக் கைப்பற்றுவதா என்று டிரிம்மர் அம்மையார் என்னும் எழுத்தாளர் கிளர்ச்சி செய்தார். முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் வழக்கும் உடன் கிளம்பிற்று. இரு கட்சியாரும் ஆண்டுக்கணக்காகப் பத்திரிகைகளில் பொருதனர். கோலரிட்ஜ், சதே முதலிய பெருங்கவிஞர் பெல் ஐயர் பக்கம் நின்றனர். முடிவில், 1811ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் திருச்சபையார் தேசியக் கல்விச் சங்கத்தை நிறுவி ஐயரை அதன் தலைமை நடத்துநராக்கினர். லங்காஸ்டர் கட்சியார் வேறொரு சங்கமாயினர். லங்காஸ்டரின் முடிவு துயரமானது. பணத்தைக் கையாளத் தெரியாமல் கடன்பட்டு, தம் சங்கத்தாரோடும் பிணங்கி, அமெரிக்காவுக்குச் சென்று, 1838ஆம் ஆண்டில் நியூயார்க் தெருவில் வண்டியில் அகப்பட்டு மாண்டார்.

இவ்வழக்கில் இங்கிலாந்தார் ஒருவரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு. அதனை நாம் கேட்கலாம். இரு கட்சியாரும் தத்தம் தலைவர்க்குப் புகழ் தேடினரே, திண்ணையில் அமர்ந்திருந்த அப்பெயரறியா வாத்தியாரின் பங்கு என்ன?

மணலைத் திண்ணைப் பள்ளியில் கண்டதாக ஐயரே தம் நூலில் ஒளியாமல் எழுதியிருக்கின்றார். அது அவர் நேர்மை. ஆனால் சிறுவர் சிறுவர்க்குக் கற்பிப்பது தாமே கண்ட உண்மை என்றே அவர் இறுதிவரை சாதித்தார். நம் நாட்டிலோ சட்டாம்பிள்ளை இல்லாத திண்ணைப் பள்ளி உண்டா? வாத்தியார் உண்ணப் போனால் சட்டாம்பிள்ளை. வாத்தியார் துயின்றால் சட்டாம்பிள்ளை. அடி கொடுப்பதிலும் சட்டாம்பிள்ளை. மூத்தவன் இளையவனுக்குப் பாடம் சொல்லிவைப்பது தொன்றுதொட்ட வழக்கம். பெல் ஐயர் பிறப்பதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகட்கு முன்னரே, 1623ஆம் ஆண்டில், இத்தாலிய யாத்திரிகரான பியத்ரோ தெல்லா வல்லே என்பவர் கன்னட நாட்டு இக்கேரியின் பக்கத்தில் ஒரு கோயில் முகப்பில் சிறுவர் நால்வரைக் கண்டார். அவர்கள் தரையில் மணலைத் தூவி, விரலால் எண்களை எழுதி, இசையோடு சொல்லி, ஆசிரியரின்றித் தமக்குள்ளேயே கணக்குக் கற்றுக்கொண்டிருந்ததைத் தம் கடிதத்தில் குறித்திருக்கின்றார். மணலும் அங்கே உண்டு. தம்முட் கற்றலும் அங்கே உண்டு.

கும்பினித் தலைவர்கள் 1814ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு விடுத்த கல்விக் கடிதத்தில், பெல் ஐயர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது இந்நாட்டு ஊர் உபாத்தியாயரின் பழைய முறையே என்று ஒப்புக்கொண்டனர். பின்னர்ச் சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருப்பதாகத் தெரியவந்தது. அப்பொழுது பல்லாரிக் கலெக்டரான காம்ப்பெல் துரை 1823ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையில், எழுதக் கற்பிப்பதில் உள்ள சிக்கனமும், முன்னேறிய பிள்ளைகள் மற்றவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடும் பாராட்டத்தக்கன என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் கூறினார். அவர் நம்மைப் புகழ்ந்ததோடு நின்றிலர். பிள்ளைகள் பொருளறியாமல் பாட்டை ஒப்பிக்கின்றனர் என்று குறையும் எழுதினார். அதுவும் உண்மையே. புகழுரையை மட்டும் எடுத்துக்கொண்டு குறையை விட்டுவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

எமது தீர்ப்பு இது. மணல் நம்முடையது, சட்டாம்பிள்ளையும் நம்மவனே. ஆனால் அவ்விரண்டையும் கண்டு, எண்ணி, ஒழுங்காக்கி, எழுதி, அச்சிட்டு, அறியாத தேசத்தார் அறியும்படி செய்தவர் பெல் ஐயர். நூற்றாண்டு நூற்றாண்டாக அத்திண்ணைகளின் அருகே நடந்துபோன நம் புலவர் ஒருவரும் அதனை எழுதிவைக்கத் தக்க பொருளென்று கருதினாரல்லர். அன்றியும், எல்லாப் பிள்ளைகளையும் நம் திண்ணை ஏற்றதில்லை. பெண்மக்களில் மிகச் சிலரே அங்கே அமர்ந்தனர்; தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது மூடியே கிடந்தது. மணல் யாவர்க்கும் பொதுவாயிருந்தும் திண்ணை பொதுவாகவில்லை.

இக்குறையில் ஐயரும் நமக்கு இளைத்தவரல்லர். இங்கிலாந்தில் 1805ஆம் ஆண்டளவில் அவர் வெளியிட்ட பதிப்பில், ஏழைப் பிள்ளைகள் யாவர்க்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டுமென்று தாம் கூறவில்லை என்றும், வரம்பின்றிக் கற்பித்தால் உழைத்துப் பிழைக்கவேண்டியவர் தம் நிலைமைக்கு மேல் எண்ணங்கொள்வர் என்றும் எழுதினார். பிற்காலத்தில் இக்கொள்கை சிறிது தளர்ந்தது. ஆயினும், எழும்பூரில் சிப்பாய் மகனைச் சுல்தான் முன்னிலையில் நிறுத்தியவரா இதனை எழுதினார் என்று எமக்கு மனம் வருந்துகின்றது. பெரியோர் சீமைக் காற்றுப் பட்டதும் சிறியராவதுண்டு போலும்.

இல்வாழ்க்கையிலும் அவர் இன்புற்றாரில்லை. 1800ஆம் ஆண்டில் ஆக்னஸ் பார்க்ளே என்னும் அம்மையை மணந்தார். சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்தனர். பதவிகளோ குறைவின்றி வந்தன. 1809ஆம் ஆண்டில் டர்ஹாம் நகரத்தருகே ஷெர்பர்ன் தருமசாலையின் தலைமையும், 1819ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஒரு பதவியும் கிடைத்தன. ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைச் சோதிப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. தம் முறையிலிருந்து ஆசிரியர் ஒரு நூலிழை விலகினாலும் கடிந்துகொள்வார்; ஆசிரியர்கள் அவர் வருகையை அஞ்சினர். ஒருகாலத்தில் பழைய வழியை விடாத துணையாசிரியரை வெறுத்த அவரே, பிறர் தம் வழியைச் சிறிதும் மாற்றவொட்டாதவராயினார்.

அம்முறை இதற்குள் உலகெங்கும் பரவிற்று. அட்லாண்டிக் கடலுக்கப்பால் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1819ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்ட பள்ளிகட்கு மதராஸ் பள்ளிகள் என்றே பெயர். பனி மூடிய அவ்வூர்ப் பிள்ளைகள் நம் பட்டணத்தின் பெயரைச் சொல்லிப் பள்ளிக்குப் போயினர். வேடிக்கை என்னவெனில், அம்முறை இந்தியாவுக்கும் இறக்குமதியாயிற்று. 1814ஆம் ஆண்டில் வங்காளத்துச் சின்சுராவில் ராபர்ட் மே ஐயர் பள்ளிகள் தொடங்கியபொழுது, பெல் ஐயர் முறையையே சீமையிலிருந்து வந்த புது முறையாகக் கையாண்டார்.

பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகட்குக் கற்பிப்பது எழுத்தறிவுக்குப் போதியது. அதற்குமேல் போதாது என்பது நாளடைவில் வெளிப்பட்டது. ஆயிரம் பிள்ளைகளை ஓராசிரியர் ஆளலாம் என்றவுடன், செலவைக் குறைப்பதே நோக்கமாகிப் படிப்பு இயந்திரம்போல் ஆயிற்று. 1846ஆம் ஆண்டில் கே ஷட்டில்வொர்த் என்பாரின் முயற்சியால், ஊதியம் பெற்றுப் பயிலும் மாணவ ஆசிரியர் ஏற்பாடு வந்தபின் பழைய முறை மறையத் தொடங்கிற்று. மலிவாயிருப்பது ஒன்றையே கருதி எதனையும் பெருக்கினால் இப்படித்தான் முடியும். இலவசம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் மகிழும் நம் காலத்தாரும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கடைசிக் காலத்தில் ஐயர்க்குப் பேச்சு நின்றுபோயிற்று. 1832ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27ஆம் நாள் செல்ட்டன்ஹாம் நகரில் உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருளில் 1,20,000 பவுனைக் கல்விக்கென்றே விட்டுச் சென்றார். பாதி, தாம் பிறந்த ஊருக்கு. மீதி, ஸ்காத்லாந்தின் பிற நகரங்களுக்கும் ஒரு கடற்படைப் பள்ளிக்கும். செயிண்ட் ஆண்ட்ரூஸில் அப்பொருளைக்கொண்டு எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் காலேஜ் என்னும் பெயரோடு விளங்குகின்றது. நம் பட்டணத்தார் பழைய பெயரை 1996ஆம் ஆண்டில் மாற்றிக்கொண்டும், அவ்வூரார் மாற்றவில்லை. 1876ஆம் ஆண்டில் எடின்பரோ, செயிண்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலைகளில் கல்வி நூலுக்கென ஏற்பட்ட பேராசிரியர் பதவிகளும் அவர் விட்ட பொருளால் அமைந்தவையே.

இவ்வரலாற்றை மாணவர் சங்கத்தார்க்கு ஒருநாள் எடுத்துரைத்தோம். எல்லாரும் ஏற்றார் என்று சொல்வதற்கில்லை. இக்காலத்தில் மணலா என்று நகைத்தவரும் உளர். ஆயினும் பள்ளி மூடப்படவில்லை. தை மாதத்தில் யாம் அச்சிற்றூருக்குச் சென்றிருந்தபொழுது, கோயில் மண்டபத்து விளக்கொளியில் ஐந்தாறு பழைய மரத்தட்டுகளில் மணல் பரப்பி வைத்திருந்தனர். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, களையெடுத்துவிட்டு வந்த பாட்டி ஒருத்தியின் விரலைப் பிடித்து அவள் பெயரை எழுதுவித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் எழுத்தில் பாட்டிக்குச் சுழி மாறிற்று. சிறுமி உள்ளங்கையால் அழித்துவிட்டு, மறுபடியும் எழுது ஆயா என்றாள். சற்று அப்பால், எழுத்துத் தேறிய மூவர் ஒரு மாணவரின் கைப்பேசியில் யானைக்கதை ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தனர். தட்டைக் கணினி வாங்கும் வழக்கு இன்னும் சங்கத்தில் தீர்ந்தபாடில்லை.